மின்னேரியாக் குளத்தில் யானைகள் கூடுவதும் கூடாமற்போவதும்: நீர்மட்டத்தின் கதை

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை நெருங்கும்போது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, கண்டிப் பக்கங்களிலிருந்து வேன் பேசிக்கொண்டு மின்னேரியாவுக்குப் புறப்படும் குடும்பங்கள் பல. இருநூறு யானைகளை ஒரே குளக்கரையில் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டுத்தான் போகிறார்கள். சிலர் கண் நிறையப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிலருக்கோ கரை முட்ட நிற்கும் தண்ணீரும், தூரத்துக் காட்டோரத்தில் ஓரிரு யானைகளுமே கிடைக்கின்றன. செய்திகளும் குழப்புகின்றன. ஆசிய யானைகள் இத்தனை பெருந்தொகையாக ஓரிடத்தில் கூடுவது உலகில் வேறெங்கும் இல்லை என்று ஒரு செய்தி சொல்கிறது. குளக்கரை வெறிச்சோடிக் கிடக்கிறது என்று இன்னொன்று சொல்கிறது.

யானைகள் இறந்துவிட்டனவா, விரட்டப்பட்டனவா, ஜீப்காரர்கள் ஏமாற்றுகிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. விடையைத் தேட முதலில் பார்க்க வேண்டியது குளத்தின் நீர்மட்டத்தை. அந்த மட்டம் ஏறி இறங்குவதில் மலையகத்தில் பெய்யும் மழைக்கும் பங்கு இருக்கிறது. அதனால் இது நமக்கு அயலூர்ச் சங்கதி அல்ல.

மலையில் மழை, கீழே வறட்சி

இலங்கையை மழையின் அளவைக் கொண்டு ஈர வலயம், இடை வலயம், உலர் வலயம் என்று பிரிப்பதைப் பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது ஈர வலயம். சுமார் 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறுவது உலர் வலயம். ஹட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. மின்னேரியா உலர் வலயத்தில் இருக்கிறது.

ஆண்டு மொத்தத்தைவிட, மழை எப்போது பெய்கிறது என்பதே இங்கே முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று வெப்பமடைந்து, வறண்டு வீசுகிறது. கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்று சொல்லும் காற்று இதுதான். தலவாக்கலையில் கொழுந்துக் கூடைக்கு மேல் படங்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு பெண்கள் மலையேறும் அதே ஜூலை மாதத்தில், மின்னேரியாவில் மண் வெடித்துக் கிடக்கிறது. உலர் வலயத்துக்குப் பெருமழையைக் கொண்டுவருவது ஒக்டோபருக்குப் பிறகு தொடங்கும் மழையும் அதைத் தொடரும் வடகிழக்குப் பருவக்காற்றும்.

அந்த வறட்சி எவ்வளவு கொடியது என்பது மலையக வரலாற்றில் பதிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடே தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று கால்நடையாகவே வந்து மலையேறிய நம் மூதாதையரில் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் தாகத்தாலும் வழியிலேயே மாண்டார்கள். இன்று மின்னேரியாவுக்குப் போகும் வேன் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஓடுவது ஏறக்குறைய அவர்கள் வந்த அதே வழியில்தான்.

குளம் இயற்கையானது அல்ல

வில்பத்துவின் வில்லுகள் போன்ற ஆழமற்ற சில நீர்நிலைகளைத் தவிர்த்தால், உலர் வலயத்தில் நாம் பார்க்கும் பெரிய நீர்ப்பரப்பு ஏறக்குறைய எல்லாமே மனிதர் கட்டியவை. மின்னேரியாக் குளத்தைக் கட்டியவன் மகாசேன மன்னன், காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. அந்தப் பக்கத்து விவசாயிகள் அவனை மின்னேரித் தெய்வமாக இன்றும் வணங்குகிறார்கள். குளத்தின் கொள்ளளவு சுமார் 13.5 கோடி கன மீற்றர். சுற்றியுள்ள காடு 1938இல் சரணாலயமாகவும், 1997இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 8,900 ஹெக்டேயர்.

இந்தக் குளம் வயலுக்காகக் கட்டப்பட்டது. பெரும்போகம் மாரி மழையோடு சேர்ந்து நடப்பதால் குளத்து நீரின் தேவை அப்போது குறைவு. ஏப்ரலுக்குப் பின் செய்யும் சிறுபோகத்துக்கோ குளமே கதி. துருசு திறந்து வயலுக்கு நீர் பாயப் பாய, மே, ஜூன், ஜூலை என்று மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. கரை மிக மெல்லச் சரிந்து இறங்குவதால், மட்டம் ஒரு மீற்றர் இறங்கினாலே பெரும் பரப்பு வெளியே தெரிந்துவிடும்.

அந்தப் பரப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

யானை வருவது தண்ணீருக்கா, புல்லுக்கா?

வறட்சியில் மற்றக் குளங்கள் வற்றிவிடுவதால் குடிக்க நீர் தேடி யானைகள் மின்னேரியாவுக்கு வருகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். சுற்றுலாக் கையேடுகளும் இப்படித்தான் சொல்கின்றன. இது பாதி உண்மைகூட அல்ல. குடிக்க நீர் சுற்றுவட்டாரத்தில் வேறு இடங்களிலும் கிடைக்கிறது. தண்ணீருக்காக மட்டும் வரும் யானை குடித்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். மணிக்கணக்கில் கரையில் நிற்காது.

யானைகளை அங்கே நிறுத்திவைப்பது புல். மாதக்கணக்கில் நீருக்கடியில் கிடந்த குளத்தரை வண்டல் படிந்து வளமாக இருக்கும். நீர் விலகியதும் அந்த ஈர மண்ணில் இளம் புல் பச்சைப் பசேலென்று முளைக்கிறது. காட்டுக்குள் இலையெல்லாம் காய்ந்து, முற்றி, நாராகிப்போன மாதங்களில் இந்த ஒரு பரப்பு மட்டும் மெல்லிய, சத்துள்ள தீனியைத் தருகிறது. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். பால் கொடுக்கும் தாய் யானைக்கு இது இன்னும் பெரிய பாடு. ஆகஸ்ட், செப்டம்பரில் கிடைக்கும் இந்தப் புல்தான் அவற்றை மழைக்காலம் வரை தாங்கிப் பிடிக்கிறது.

சற்று நேரம் ஒரே யானையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணுக்கே தெரியும். குளத்தரைப் புல் குட்டையானது. தும்பிக்கையால் சுற்றிப் பிடுங்க முடியாது. யானை முன்காலை முன்னும் பின்னுமாக ஆட்டி, கால்நகத்தால் புல்லை வேரோடு சீவுகிறது. சீவியதைத் தும்பிக்கை நுனியால் கூட்டிச் சிறு கற்றையாக்குகிறது. உடனே வாயில் போடுவதில்லை. முழங்காலில் இரண்டு மூன்று தட்டுத் தட்டி, வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டுத்தான் உள்ளே தள்ளுகிறது. மண் கலந்த தீனி பல்லைத் தேய்த்துவிடும். கடைசிப் பல் தேய்ந்துபோன யானை மெல்ல முடியாமல் மெலிந்து சாகும். பக்கத்தில் நிற்கும் குட்டியோ காலை ஆட்டும், புல் வராது. தாயின் வாயோரம் தொங்கும் கற்றையில் தும்பிக்கையை நீட்டிப் பங்கு கேட்கும். ஒரு கற்றை, இன்னொரு கற்றை என்று இருட்டும் வரை இதே வேலை.

மேய்ச்சலோடு வேறு காரியமும் நடக்கிறது. பெண் யானைகளும் குட்டிகளும் மூத்த பெண் யானைகளை ஒட்டிச் சிறு குடும்பங்களாக வாழ்கின்றன. வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் தனியே திரிபவை. பல குடும்பங்கள் ஒரே வெளியில் மேயும் இந்த வாரங்களில் ஆண் யானைகளும் துணை தேடி வருகின்றன. கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழிந்த கறை தெரிந்தால், அந்த யானையிடமிருந்து ஜீப்பை நன்றாகத் தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும். தந்தமுள்ள கொம்பனைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. இலங்கையின் ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

யானைக்கு மட்டும் அல்ல, பறவைகளுக்கும் இறங்கும் நீர் பெருவிருந்து. ஆழம் குறைந்த ஓரங்களில் மீன்கள் நெருங்கிவிடுவதால் நீர்க்காகங்கள் பெருங்கூட்டமாக இறங்கி வேட்டையாடுகின்றன. கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். யானைக்காகவே போகிறவர்கள் இவற்றைத் திரும்பிப் பார்க்காமல் வருவது வருத்தமானது.

நம் மழை அங்கே போகும் வழி

மின்னேரியாவுக்கு நீர் தருவது அதைச் சுற்றிப் பெய்யும் மழை மட்டும் அல்ல. பழைய காலம் தொட்டே அம்பன் கங்கையிலிருந்து எலஹெரக் கால்வாய் வழியாக அதற்கு நீர் வருகிறது. மகாவலித் திட்டம் வந்தபின் அந்த வழியோடு மலையக நீரும் இணைந்தது. வழி இதுதான்:

1. ஹட்டன் ஓயாவும் கொத்மலை ஓயாவும் மகாவலியில் சேர்கின்றன. மலைமுகட்டுக்கு மறுபக்கம் விழும் மழைக்கு வேறு வழி: டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்து நீர் களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. ஆகவே எல்லா மலையக மழையும் மின்னேரியாவுக்கு உறவு அல்ல.

2. கண்டிக்கு அருகே பொல்கொல்ல அணைக்கட்டில் மகாவலி நீரின் ஒரு பகுதி திருப்பப்படுகிறது. 1976இல் செயற்படத் தொடங்கிய இந்தத் திருப்பத்தில், நீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே மாத்தளைப் பக்கம் போய், உக்குவெல மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு சுது கங்கையில் விழுகிறது.

3. சுது கங்கை அம்பன் கங்கையில் கலக்கிறது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் ஒரு பங்கு கலாவெவப் பக்கம் பிரிந்துபோக, மீதி அம்பன் கங்கையிலேயே இறங்குகிறது.

4. எலஹெரவில் கால்வாய்க்குத் திருப்பப்படும் நீர் கிரித்தலைக்கும் மின்னேரியாவுக்கும் வந்து, அங்கிருந்து கவுடுல்ல, கந்தளாய்க் குளங்கள் வரை போகிறது.

இந்த நான்காம் கட்டத்துக்குச் சற்று மேலேதான் மொரகஹகந்த அணை கட்டப்பட்டது.

மொரகஹகந்தவுக்குப் பின் என்ன மாறியது?

மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017இல் நீர் தேக்கத் தொடங்கி, 2018இல் அது திறந்துவைக்கப்பட்டது. கொள்ளளவு சுமார் 57 கோடி கன மீற்றர், அதாவது மின்னேரியாவைப்போல் நான்கு மடங்கு. உலர் வலயத்து விவசாயிக்கு உறுதியான பாசனம், குடிநீர், மின்சாரம் என்ற நோக்கங்களோடு கட்டப்பட்டது. அந்த நோக்கங்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிறுபோகம் பாதியில் கருகுவதை ஆண்டாண்டாகப் பார்த்த குடும்பங்களுக்கு அது உயிர்நீர்.

சிக்கல் நீரை விடும் காலத்தில் இருக்கிறது. முன்பு ஆகஸ்டில் மின்னேரியா தானாக வற்றியது. மேலிருந்து அனுப்பப் பெரிய சேமிப்பு இல்லை. புதிய அணைக்குப் பின், அதே மாதங்களிலும் கால்வாயில் நீர் ஓடுகிறது. மின்னேரியா வழியாகக் கீழேயுள்ள குளங்களுக்கும் நீர் போக வேண்டியிருக்கிறது. விளைவாக, குளத்தரை வெளியே தெரிய வேண்டிய நேரத்தில் நீரில் மூழ்கியே கிடக்கும் ஆண்டுகள் வந்தன. குளம் நிறைந்து பளபளக்கும்; பார்வைக்கு அழகு. யானைக்கு அது தட்டில்லாத பந்தி.

இதிலிருந்து கிளைக்கும் விளைவுகள் பூங்காவின் எல்லைக்குள் நிற்பதில்லை. கரையில் தீனி கிடைக்காத யானைகள் கவுடுல்ல, ஹுருலு காடு என்று சிதறுகின்றன. இடையில் ஹபரணை–பொலன்னறுவை வீதி, ரயில் பாதை, வயல்கள், வீட்டுத் தோட்டங்கள். இலங்கையில் யானைகள் நடமாடும் நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே மனிதர்களும் வாழும் நிலம். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தார்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஒரே விபத்தில் ஆறு யானைகள் மாண்டன. இவை அத்தனைக்கும் மொரகஹகந்தவைக் காரணம் காட்டுவது நியாயம் ஆகாது. காடழிப்பு, குடியேற்றம், தவறான இடத்தில் போட்ட மின்வேலி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் பசியோடு அலையும் யானைக்கூட்டம் எந்தக் கிராமத்துக்கும் நல்லதல்ல.

புல்தரைக்கு இன்னொரு எதிரியும் இருக்கிறது: நாயுண்ணி. தேயிலைமலை ஓரங்களில் நாம் நாள்தோறும் பார்க்கும் அதே முட்செடி. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாகக் கொண்டுவரப்பட்டு, பறவைகள் விதை பரப்ப, நாடெங்கும் படர்ந்துவிட்டது. யானை இதைத் தின்பதில்லை. வெயிலுள்ள வெளியைக் கண்டால் நாயுண்ணி புதராகிப் புல்லை மூடிவிடும். வெட்டிப் போட்டால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும்.

இரண்டு பக்கமும் கேட்பது என்ன?

இயற்கை ஆர்வலர்களின் கோரிக்கை எளிமையானது. வறட்சி உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று மாதங்களுக்கு மின்னேரியாவின் மட்டத்தைத் தாழ்வாக வையுங்கள், மிகுதி நீரை மேலே மொரகஹகந்தவிலேயே நிறுத்துங்கள் என்கிறார்கள். நீரைக் கையாளும் அதிகாரிகளுக்கு வேறு கவலைகள்: பெரும்போகத் தொடக்கத்துக்குக் குளத்தில் நீர் வேண்டும், மழை பிந்தினால் விவசாயி வந்து கேட்பான், மின்சாரத்துக்காக மேலே திறந்த நீர் கீழே வந்தே தீரும்.

என் கருத்தில் இரண்டையும் பொருத்துவது முடியாத காரியம் அல்ல. மேலுள்ள தேக்கம் நான்கு மடங்கு பெரியது என்பதே அதற்கு இடம் தருகிறது. மொரகஹகந்த நிரம்பி வழியும் ஆண்டில் இது கடினம். சாதாரண ஆண்டில், நீர் விடும் கால அட்டவணையை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், மகாவலி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம் மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து போட்டால் நடக்கக்கூடியது. மறந்துவிடக் கூடாத ஒன்று: வயலுக்கு நீர் பாய்ந்ததால்தான் குளம் இறங்கியது, குளம் இறங்கியதால்தான் புல் முளைத்தது. நூற்றாண்டுகளாக விவசாயியின் சிறுபோகமும் யானையின் மேய்ச்சலும் ஒரே துருசைச் சார்ந்திருந்தன. இவற்றை ஒன்றுக்கொன்று பகையாகக் காட்டுவது தவறு.

போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

மேலே சொன்னதைப் புரிந்துகொண்டால், பயணத்தைத் திட்டமிடுவதும் மாறிவிடும். நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிப்பதற்கு முன், ஹபரணையில் ஜீப் ஓட்டுபவரிடமோ தங்குமிடத்திலோ தொலைபேசியில் கேளுங்கள்:

1. குளத்தில் புல்தரை வெளியே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் ஆகஸ்ட் என்றாலும் பயனில்லை.

2. நேற்று மாலை யானைகள் எந்தப் பூங்காவில் நின்றன? மின்னேரியா நிறைந்திருக்கும்போது கவுடுல்லவிலும், மழைக்காலத்தில் ஹுருலு பூங்காவிலும் பார்க்கும் வாய்ப்பு கூடும். டிக்கெட் எடுத்தபின் மாற்ற முடியாது.

3. மழை தொடங்கிவிட்டதா? ஒக்டோபரில் முதல் நல்ல மழை பெய்ததும் காட்டுக்குள் தளிர் வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும்.

மின்னேரியாவின் நுழைவாயில் ஹபரணை–பொலன்னறுவை வீதியில் அம்பகஸ்வெவவில் இருக்கிறது. வெயில் தணியும் பிற்பகலில்தான் யானைகள் காட்டிலிருந்து வெளிக்குள் வருகின்றன. மூன்று மணிக்குப் பின் உள்ளே இருப்பது நல்லது. உள்நாட்டவர் கட்டணம் வேறு என்பதால் தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நுவரெலியாக் குளிருக்கு உடுத்திய கம்பளிச் சட்டையோடு குழந்தைகளை ஜீப்பில் ஏற்றாதீர்கள்; பருத்தி ஆடையும் தொப்பியும் நிறையத் தண்ணீரும் வேண்டும்.

அமைதியாகப் பார்க்க விரும்பினால் வார நாளில் போங்கள். போயா விடுமுறையிலும் சனி, ஞாயிறிலும் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். சில ஓட்டுநர்கள், நல்ல படம் கிடைக்க வேண்டுமென்று யானைக் குடும்பத்தைச் சுற்றி வளைக்கிறார்கள். குளத்துக்கும் காட்டுக்கும் இடையே யானை போகும் வழியை அடைப்பது எல்லாவற்றிலும் மோசம். யானை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், காதை விரித்து நின்றால், மண்ணை வாரி வீசினால், குட்டியைக் கூட்டத்தின் நடுவே தள்ளினால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். பின்னால் எடுக்கச் சொல்லும் உரிமை பணம் கொடுத்த நமக்கு உண்டு. சொல்லத் தயங்கக் கூடாது. வீதியோரத்தில் கைநீட்டும் யானைக்கு வாழைப்பழம் கொடுப்பது சட்டப்படி குற்றம். பழகிவிட்ட யானை வண்டிகளை மறிக்கத் தொடங்கும். முடிவில் அதன் உயிருக்கே ஆபத்து.

ஊவாப் பக்கத்தாருக்கு

பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளையில் இருப்பவர்களுக்கு மின்னேரியா நெடும்பயணம். அவர்களுக்கு அருகில் இருப்பது உடவளவை. வளவை கங்கையின் குறுக்கே 1960களில் கட்டிய அணையால் உருவான நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972இல் பிரகடனமான பூங்கா அது. நீரில் மூழ்கி இறந்த மரங்கள் இன்றும் எலும்பாக நிற்க, அவற்றின் மேல் கழுகும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும். இங்கே யானைகளை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடும் யானைப் பராமரிப்பு நிலையமும் 1995 முதல் அருகிலேயே இயங்குகிறது; பால் கொடுக்கும் நேரங்களில் தூரத்திலிருந்து பார்க்க அனுமதி உண்டு.

ஆரவாரமே வேண்டாம் என்பவர்களுக்கு லுணுகம்வெஹெர இருக்கிறது. கிரிந்தி ஓயா நீர்த்தேக்கத்தை நடுவில் கொண்ட இந்தப் பூங்கா 1995இல் அமைந்தது. யாலவுக்கும் உடவளவைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழியும் இதுதான். யாலவின் நெரிசல் இங்கே இல்லை. கொஸ்லாந்தையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வழியில் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். பூனாகலைத் தோட்டங்களின் பக்கத்திலிருந்து வந்து 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்தத் தண்ணீர் கிரிந்தி ஓயாவில் கலந்து, இந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. இங்கேயும் வறண்ட மாதங்களில், தேக்கத்தின் மட்டம் இறங்கிய ஓரங்களில்தான் விலங்குகளைத் தேட வேண்டும்.